ஹெர்மெஸ் பதில் சொல்லாத கேள்வி

மகான் ஹெர்மெஸ் மூன்றாவது தடவை செத்துப்போனபோது அவர் மனைவி தாயேசிஸ் அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதாள். நைல் கரையிலிருந்த அந்த ஹெர்மோபோலிஸ் ஊரில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அவர் சாவது ஊருக்குப் பழகிப்போயிருந்தது.

நட்சத்திரக் கணக்கும் ஈயத்தைப் பொன்னாக்கும் வித்தையும் அறிந்த அவரை, முதல் தடவை செத்தபோது கிரேக்கர்கள் எரித்தார்கள். பேரீச்சை பழுக்கும் சமயம், புகை வாசனையோடு வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்றார். இரண்டாம் தடவை பூசாரிகள் துணி சுற்றி, தோத் கடவுளின் அரிவாள்மூக்கன் பறவைகளைப் பதப்படுத்தி அடுக்கும் சுரங்கத்தில் வைத்தார்கள். நைல் வெள்ளம் வடிந்ததும் தாடியில் நூலும் இறகுமாக வந்துசேர்ந்தார். திரும்பி வரும்போதெல்லாம் ஊர் அவர் பெயருக்கு முன்னால் ஒரு ‘மகா’ சேர்த்தது.

இந்தத் தடவை கிரேக்கர் பிலாம்மோன் விறகு வண்டியோடும், பூசாரி பக்கோயிஸ் துணிச் சுருளோடும் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

“நாங்க எரிச்சதாலதான்யா வந்தாரு!” என்றார் பிலாம்மோன்.

“கிழிச்சீங்க. நாங்க சுத்துன சுத்துக்குத்தான் வந்தாரு,” என்றார் பக்கோயிஸ்.

தாயேசிஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் கெளம்புங்க. எனக்கு ஒரு பதில் பாக்கி வச்சிட்டுச் செத்திருக்காரு. அதுக்குத்தான் வராரு, எப்பவும்.”

தோத் திருநாளில் வாயில் தேனும் அத்திப்பழமும் வைத்தவர் உண்மையைத்தான் பேச வேண்டும். அது ஊர் வழக்கம். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு திருநாளிலும் அவள் கேட்பது ஒரே கேள்வி: என் பருப்பு எப்படி இருக்கு? அண்ட சராசரத்துக்கும் விளக்கம் வைத்திருந்தவர் அப்போது மட்டும் வானத்தைப் பார்ப்பார்.

அவரைக் கட்டிலிலேயே கிடத்தினாள். உடல் கெடவில்லை. தேன் வாசம் வீசியது, தெரு ஈக்களுக்குக் கொண்டாட்டம். தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை நெருப்போ துணியோதான் காரணமாக இருந்திருந்தால்?

திருநாளன்று தேனில் தோய்த்த பழத்தை அவர் வாயில் வைத்துக் கேட்டாள். ஈக்களை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தாடை அசைந்தது.

“உப்பு கம்மி தாயேசிஸ். எப்பவுமே.”

அவள் சிரித்தாள், அழுதாள், அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. பதில் வந்துவிட்டதே, அடுத்த தடவை இவர் எதற்காகத் திரும்பி வருவார்? பழம் தொண்டையில் இறங்குமுன் அவசரமாகக் கேட்டாள்:

“அப்ப இத்தனை வருஷமா எதுக்குய்யா தட்டை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்க?”

ஹெர்மெஸ் வானத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் அவர் இரண்டு தடவை செத்தார். கூப்பிட நீளமாகிறது என்று ஊர் மூன்று ‘மகா’வோடு நிறுத்திக்கொண்டது. அவர் செத்தபோதெல்லாம் தாயேசிஸ் பருப்பை இறக்கி, உப்புப் போடாமல் மூடி வைத்துவிட்டு, அத்திப்பழம் வாங்கக் கடைக்குப் போனாள்.