கயிற்றுக்குள்ளே பள்ளிக்கூடம்

2009 புரட்டாசி. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு திடலில் கிரிக்கெட் இறுதிப் போட்டி. மட்டையோடு நின்றவர் என் வீட்டுக்காரர் கதிர்வேல், செம்மங்குப்பத்து கேப்டன். எதிரணியான மங்கலம்பேட்டைக்கு என் தம்பி ராஜ்கமல் கேப்டன். இரண்டு பேருக்குமே மூளை கிடையாது என்பதைக் கல்யாணத்தன்றே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

போன வருஷம் இந்த இரண்டு அணிகளும் சண்டை போட்டுப் பாதியில் வெளியேறியதால், கமிட்டி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. எல்லைக் கயிற்றைத் தாண்டி முதலில் வெளியே போகிற அணி தோற்றதாகக் கணக்கு.

செம்மங்குப்பம் ஜெயிக்க ஒரு ரன் பாக்கி. அப்போதுதான் வானம் கறுத்து, மின்னி, இடித்தது. வேடிக்கை பார்த்த நாங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினோம். ஆட்டக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை.

“மாமா, பயமா இருந்தா கெளம்புங்க!” என்றான் தம்பி, தரையில் குத்தவைத்தபடி.

“நீ போ மச்சான், நான் கப்ப வாங்கினு வரேன்!” என்றார் இவர். சொல்லிக்கொண்டே வெள்ளி அரைஞாண் கொடியை அவிழ்த்துத் தூர எறிந்தார். உடம்பில் உலோகம் கூடாதாம், வெட்டவெளியில் நிற்கலாமாம்! அம்பயர் கலியமூர்த்தி அதற்கும் மேல், நட்டநடுவில் நெட்டைக் குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

ஒரே இடியில் புருஷனும் தம்பியும் போய்விடுவார்களே! அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஓடிப்போய் பள்ளிக்கூடத்துப் பக்கம் எல்லைக் கயிறு கட்டியிருந்த முளையைப் பிடுங்கினேன். ஓரமாகச் சுருட்டிக் கிடந்த மிச்சக் கயிற்றையும் அவிழ்த்துப் பெண்களெல்லாம் சேர்ந்து இழுத்துப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைத்தோம்.

“யோவ்! பள்ளிக்கூடமும் இப்ப கிரவுண்டுக்குள்ளதான்! உள்ள வாங்கய்யா!”

முதலில் ஓடி வந்தவர் அம்பயர். பின்னாலேயே எல்லோரும்.

கடைசி ஆள் உள்ளே நுழைந்ததும் கண் கூசியது, காது அடைத்தது. திடலோரத்துப் பனை பற்றி எரிந்தது. இவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தம்பிக்கோ கையிலிருந்த பந்து ஞாபகம் வந்தது. “அம்பயர்! மாமா கிரீஸ விட்டு வந்துட்டாரு. அவுட்டு குடுங்க!”

“ஸ்டம்ப்ப தட்டுனாதான் அவுட்டு. போய்த் தட்டிட்டு வாய்யா.”

தம்பி எரிகிற பனையைப் பார்த்தான். பந்தை என் மடியில் வைத்துவிட்டு, என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.