கீழ்வீட்டில் வாங்கி வைத்த வலி

அந்தக் குடியிருப்பில் வலி இரண்டு நாள் கழித்துத்தான் வரும். பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் கொண்டு வருவார். சின்ன அட்டைப்பெட்டியில் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திறந்தால் வலிக்கும். வலித்து முடிந்ததும் பெட்டியை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம்.

பல் பிடுங்கியவர்கள் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் விடுப்பு எடுப்பார்கள். கஸ்தூரிக்குப் பிரசவ வலி வந்தபோது குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் அதைத் திறந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. பெயர் தன்ஷிகா. தினமும் காலை ஏழரைக்கு, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன், அம்மாவின் மேலுதட்டில் ஒரு முத்தம் கொடுப்பாள். கன்னத்தில் கொடுக்க மாட்டாள். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள இடம்தான் அவளுக்கு. பால் குடித்த வாயைத் துடைக்காமல் கொடுப்பாள். கஸ்தூரியின் கணவன் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். அந்த முத்தத்தை விட்டால், ஒரு நாளில் அவளை வேறு யாரும் தொடுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முத்தம் கொடுத்துவிட்டுத் தன்ஷிகா தன் வாயைத் தேய்த்துக்கொண்டாள்.

"குத்துது."

"என்ன குத்துது?"

"உன் மீசைதான். வேன் மாமா மாதிரி இருக்க."

வேன் போன பிறகு கஸ்தூரி கண்ணாடி முன் நின்றாள். மீசை இருந்தது. சோளக்கதிரின் நுனியில் இருப்பதைப் போல மெல்லியது. ஆனால் கறுப்பு.

சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்தாள். பாகு கம்பிப் பதம் தாண்டி, தேன் நிறத்துக்கு வந்ததும் இறக்கினாள். பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்தாள். முடி வளரும் திசையில் பாகைத் தடவி, துணியை ஒட்டி, எதிர்த்திசையில் இழுத்தாள். சர்ரென்று சத்தம் வந்தது. வலிக்கவில்லை. அன்றைக்கு வலிக்காது என்பது அவளுக்குத் தெரியும். துணியில் முடிகள் வெல்லத்தில் சிக்கிய எறும்புகள் போல வரிசையாக நின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூக்குக்கு நேர் கீழே மட்டும் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. இது பலமாக வரும் என்று நினைத்துக்கொண்டாள். வியாழக்கிழமைக்காக ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

வியாழக்கிழமை ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்றார்கள். அவள் போனாள். அந்த நேரத்தில் பழுப்புச் சட்டைக்காரர் வந்துவிட்டார்.

பூட்டிய வீடுகளுக்கு வருவதையெல்லாம் கீழ்வீட்டுப் பிலோமினா டீச்சர்தான் வாங்கி வைப்பார். பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், கல்யாணப் பத்திரிகை, வீட்டுச் சாவி எல்லாம். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். ஒரே மகன் வெளிநாட்டில். பகலில் அவர் கதவு சாத்தியிருந்து யாரும் பார்த்ததில்லை.

கஸ்தூரி எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்தபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் காலிப் பெட்டி இருந்தது.

"ஏட்டி கஸ்தூரி, உனக்கு ஒண்ணு வந்துச்சு. நாந்தான் வாங்கினேன்."

"குடுங்க டீச்சர்."

"திறந்துட்டேம்லா."

"ஏன் டீச்சர் திறந்தீங்க?"

"சூடா இருந்துச்சு. கெட்டுப் போயிருமோன்னு பாத்தேன்."

டீச்சரின் மேலுதடு சிவந்திருந்தது. மணல் ஒட்டியது போலப் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"சுருக்குன்னு இருந்துச்சு பிள்ள. நடுவுல ரெண்டு தடவ. ஒம்பது வருசமாச்சு எனக்குன்னு ஒண்ணு வந்து. அந்தாளு என் வாசல்ல நின்னுக்கிட்டு அடுத்த வீட்டுப் பேரத்தான் கேப்பான்."

ஒரு வலி மிச்சம் என்று நினைத்துக் கஸ்தூரி மாடிக்குப் போனாள். மாலையில் டீ குடித்தபோது டீ தாடையில் வழிந்தது. டம்ளர் உதட்டில் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. ஐஸ் எடுத்து வைத்துப் பார்த்தாள். அது உருகி ரவிக்கையில் சொட்டிய பிறகுதான் குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை தன்ஷிகா பையை மாட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு வரேன்."

"முத்தம்?"

"குடுத்தாச்சே."

"எப்போ?"

தன்ஷிகா அவளை உற்றுப் பார்த்தாள். மறுபடி கொடுத்தாள். கஸ்தூரி பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தையின் முகம் பெரிதானது. பிறகு சிறிதானது. நடுவில் ஒன்றும் இல்லை.

கீழே ஒரு பாத்திரம் விழுந்தது.

வேன் போனதும் இறங்கிப் போனாள். டீச்சர் கொட்டிய காப்பிக்கு நடுவில் நின்றிருந்தார். இரண்டு விரல்கள் உதட்டின் மேல் இருந்தன.

"ஏழரைக்கு ரெண்டு வந்துச்சுட்டி. ஈரமா. பால் வாசனையோட. திரும்பிப் பாக்கேன், ஒருத்தரும் இல்ல."

"அது என்னோடது டீச்சர்."

"உன்னோடதுன்னா உங்கிட்டல்லா வந்திருக்கும்?"

வலி பட்டுவாடா அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. நுழையும்போது அதன் வராண்டா இருபது அடி இருந்தது. நடக்க நடக்க நீண்டது. வழியில் ஒருவர் பாய் விரித்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் வந்ததாகச் சொன்னார். எந்தக் காலை என்று சொல்லவில்லை. கடைசியில், மேசைக்குப் பின்னால், மப்ளர் சுற்றிய குமாஸ்தா இருந்தார்.

"என்ன?"

"என் வலிய வேற ஒருத்தங்க வாங்கிட்டாங்க சார்."

"சந்தோஷமா வீட்டுக்குப் போங்கம்மா."

"அந்த இடத்துல இப்ப எதுவுமே தெரியல."

"எப்படித் தெரியும்? வலி எந்த உடம்புல திறந்துதோ, இடம் அந்த உடம்புக்குச் சொந்தம்."

"திரும்ப வாங்க முடியாதா?"

"வாங்கலாமே. இந்தப் படிவத்துல அவங்க 'எனக்கு வேண்டாம்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். எல்லாரும் உடனே போட்டுருவாங்க. வலிதானே."

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. வலிக்காத இடம் எது என்று கேட்டிருந்தது.

"தொட்டுக் காட்டுங்க," என்றார் குமாஸ்தா.

"தொட்டா தெரியாது சார்."

"அப்போ நான் எப்படி நம்புறது?"

அவர் எழுந்து ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி அவள் மேலுதட்டில் ஓங்கிக் குத்தினார்.

"வலிச்சுதா?"

"இல்ல சார்."

"அப்போ சரியாத்தான் இருக்கு."

அவள் உதட்டில் ஊதா நிற முத்திரையோடு பேருந்தில் ஏறினாள். நடத்துநர் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ள தள்ளி நில்லுங்க," என்றார். அவள் தள்ளி நின்றாள்.

பிலோமினா டீச்சர் படிவத்தை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"எத்தனை நாள்?"

"நாளைக்கு ஏழரை வரட்டும்."

மறுநாள் ஏழரைக்குப் பிறகு அவரே மாடி ஏறி வந்தார். கையில் படிவம் இருந்தது. கையெழுத்து இல்லை.

"என்னால முடியாது பிள்ள."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா? அது என் பிள்ளை எனக்குக் குடுக்கிறது."

"எம்பிள்ளையுந்தான் குடுத்தான். பத்து வயசு வரைக்கும் குடுத்தான். அது எங்க போச்சுன்னு நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

டீச்சர் படிக்கட்டில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார்.

முடி மறுபடி முளைத்தால் மறுபடி பிடுங்கலாம், வலியைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று கஸ்தூரி காத்திருந்தாள். முளைக்கவில்லை. அந்த இடம் எவர்சில்வர் தட்டு போல வழவழவென்று இருந்தது. கீழ்வீட்டில் டீச்சருக்கு மெல்ல அரும்பியது.

ஆகவே அவள் இடது கையில் தடவினாள். பாகு கொஞ்சம் சூடு அதிகம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆறு துணிகள். ஒவ்வொரு துணியோடும் தோல் எழும்பி, திரும்ப அமர்ந்தது. இரண்டு நாள் கழித்து, குளிக்கக்கூடப் போகாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பழுப்புச் சட்டைக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"கஸ்தூரி வீடு?"

"நான்தான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் பழைய தாளைப் புரட்டி ஒப்பிட்டார்.

"பொருந்தலம்மா. போன தடவை வேற மாதிரி இருக்கு."

"போன தடவை போட்டது நான் இல்லைங்க."

"இந்தப் பேருக்குக் கடைசியா விழுந்த கையெழுத்து அதுதான். அதுக்குத்தான் குடுக்க முடியும்."

அவர் டீச்சர் வீட்டுக் கதவைப் பார்த்து மணியடித்தார். டீச்சர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், வாங்காதீங்க," என்றாள் கஸ்தூரி.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். சின்னப் பெட்டி. அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. அவர் கஸ்தூரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் தன்ஷிகா அம்மாவின் இடது கையில் தலை வைத்துத் தூங்கினாள். தலை அங்கேதான் இருக்கிறதா என்று கஸ்தூரி அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கீழே சோறு தீயும் வாசனை வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த யாரோ டீச்சரைக் கூப்பிட்டார்கள். இடது கையை மடக்கி அசையாமல் உட்கார்ந்திருந்த டீச்சர், "சத்தம் போடாத, பிள்ள முழிச்சிரும்," என்று சொல்வது மாடி வரை கேட்டது.

கஸ்தூரி சர்க்கரை டப்பாவை மேல் அலமாரியில் வைத்தாள். வலது கையைத் தொடவில்லை.

அடுத்த நாள் கீழே போய் ஒரு ஏற்பாடு பேசினாள்.

"வந்தா தட்டுங்க டீச்சர். எனக்குத் தெரிஞ்சா போதும்."

"எதால தட்ட?"

"ஒட்டடைக் கம்பால."

அன்றிலிருந்து தன்ஷிகா முத்தம் கொடுத்ததும் கீழேயிருந்து கூரையில் ஒரு தட்டு விழும். டொக். கஸ்தூரி தலையசைப்பாள். வேன் போன பிறகு டீச்சர் படியடியில் நின்று விவரம் சொல்வார். "இன்னைக்கு இட்லிப் பொடி." "இன்னைக்கு அவசரம், பாதிதான் வந்துச்சு." ஒரு நாள், "மூக்கு சில்லுன்னு இருக்கு, சளி பிடிக்கும் பாத்துக்க," என்றார். மறுநாள் சளி பிடித்தது. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எத்தனை அழுத்தம், எவ்வளவு ஈரம், இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்பாள். டீச்சர் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொல்வார். அவர் எதையும் கூட்டிச் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை தன்ஷிகா முத்தம் கொடுத்தாள். தட்டு விழவில்லை. கஸ்தூரி காலால் தரையை உதைத்தாள். ஒன்றும் இல்லை. குழந்தையை இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் ஒன்றும் இல்லை.

இறங்கினாள். பதினோரு படிகள்தான். அன்றைக்கு நாற்பதுக்கு மேல் இருந்தன. டீச்சர் வீடு பூட்டியிருந்தது. படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி போடும் சுடலைமுத்து நிமிர்ந்தார்.

"மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்மா. விடியறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. மஸ்கட்டாம். இனிமே அங்கதானாம்."

"எனக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"வீட்டுச் சாவி குடுத்தாங்க. பால நிறுத்தச் சொன்னாங்க."

"கையெழுத்துப் போட்ட பேப்பர் ஏதாச்சும்?"

"பேப்பர் இல்ல. வாயப் பொத்திக்கிட்டே போனாங்க. பல்லு வலியோன்னு நெனச்சேன்."

கஸ்தூரி சாவி வாங்கித் திறந்தாள். வீடு காலியாக இருந்தது. மாதா படம் இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்திருந்தது. ஒட்டடைக் கம்பு மூலையில் சாய்ந்திருந்தது. கூரையில் ஒரே இடத்தில் காரை பெயர்ந்து, முட்டை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அதற்கு நேர் மேலேதான் தினமும் தான் நிற்பது என்று அவள் கணக்கிட்டுப் பார்த்தாள்.

வெளியே வந்து கேட்டாள். "சுடலை அண்ணே, மஸ்கட்டுல இப்ப மணி என்ன?"

"என் மச்சினன் அங்க இருந்தான். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி."

மறுநாள் ஏழரைக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. கஸ்தூரி பால்கனியிலிருந்து போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். தன்ஷிகா சீருடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது.

"மிஸ் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"எதுக்கும்மா உக்காந்திருக்கோம்?"

"அங்க இன்னும் ஏழரை ஆகல. டீச்சர் ஆச்சி தூங்கிட்டு இருப்பாங்க. தூக்கத்துல குடுத்தா வீணாப் போயிரும்."

ஒன்பது அடித்ததும் கஸ்தூரி அவள் முன்னால் மண்டியிட்டாள். பால் டம்ளரை நீட்டினாள். தன்ஷிகா குடித்தாள். வாயைத் துடைக்கப் போன கையைக் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காத. அப்படியே குடு."

குழந்தையின் முகம் பெரிதானது. பிறகு சிறிதானது.

இருவரும் காத்திருந்தார்கள். தன்ஷிகா குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள்.

"தட்டலம்மா."

"நடுவுல கடல் இருக்குல்ல," என்றாள் கஸ்தூரி. "கொஞ்ச நேரம் ஆகும்."

அவளும் பக்கத்தில் படுத்துத் தரையில் காதை வைத்தாள்.