ஊமை பேசிய நாள்

"அவர் வெளிநாட்டுல இருக்காருங்க" என்று அவள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிணவறை ஊழியர் துணியின் நுனியைப் பிடித்தபடி நின்றார். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"இவரும் வெளிநாட்டு ஆளுதாங்க" என்றார் பக்கத்தில் நின்ற கட்டட சூப்பர்வைசர். "எங்க சைட்ல மொத்தமும் வெளிநாட்டு ஆளுங்கதான். யாரோ உங்களைத் தப்பா கூப்பிட்டுட்டாங்க. ஒரு தடவை பாத்துட்டு, இல்லேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"பாத்துடலாம்க்கா" என்றான் அவள் தம்பி. பஸ்ஸில் நாலு மணி நேரம், இது ஏமாற்றுக் கூட்டம், போனதும் பணம் கேட்பார்கள், நீ வாயைத் திறக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அவன்தான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. காலையில் சமையலறையில் டைல்ஸ் ஒட்டுபவரோடு கூலிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கணவரின் படம் போனில் மின்னியது. அது அவர் கூப்பிடுகிற நேரமே இல்லை. எடுத்தால் வேறு யாரோ. "அக்கா, உங்க ஆளு மேல பலகை விழுந்துச்சு. செத்துட்டாரு" என்று உடைந்த பேச்சில் சொல்லி, இந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இந்த நகரத்தில் என்ன வேலை?

ஊழியர் துணியை விலக்கினார்.

அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டாள். இந்த ஆள் கறுத்து வற்றிப்போயிருந்தார், தலை முழுக்க நரை. அவள் கணவர் போன வருஷம் லீவில் வந்தபோது சாயம் போட்ட தலையும் செண்ட் வாசனையுமாக, பெட்டி நிறைய சாக்லேட்டோடு வந்தார். நிம்மதியாகத் திரும்பப் போனவளின் கண்ணில் அந்த இடது காது பட்டது. சின்ன வயதில் நாய் கடித்து நுனி பிய்ந்துபோன காது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள்.

"எப்ப வந்தாரு?" என்று கேட்டாள்.

யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் செத்துக் கிடக்கிறான், வாயில் வந்த கேள்வி அதுதான். அழுகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ பின்மண்டையில் ஓங்கி அறைந்துவிட்டு ஓடிப்போனது போல இருந்தது, அவ்வளவுதான்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமாதான்க்கா" என்றான்.

"இவரா?" சூப்பர்வைசருக்கு முகம் வெளிறிவிட்டது. "இவர் ஊமைங்க."

"யாரு, எங்க மாமாவா ஊமை? வாயைத் திறந்தா மூட மாட்டாருய்யா!" தம்பி கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கே சிமெண்ட் படிந்த பூட்ஸோடு நின்றிருந்த ஒருவர் மெதுவாக உள்ளே வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கம்பி கட்டுகிற வேலை என்று சூப்பர்வைசர் சொன்னார். காலையில் போன் செய்தது அவர்தான். வேறு தேசம், வேறு மொழி. இந்த ஊர்ப் பேச்சைச் சாமான் வாங்கும் அளவுக்குக் கற்றுவைத்திருந்தார்.

"அண்ணன் நம்ம ரூம்" என்றார். "ரெண்டு வருஷம். பேச்சு இல்ல. எல்லாம் கைதான். நேத்து ராத்திரி மேல பலகை சரிஞ்சுது. நான் கீழ நிக்குது. அண்ணன் கத்துனாரு, 'டேய், தள்ளிப் போடா!' எங்க பாஷை இல்ல. உங்க பாஷை." அவர் அந்த முகத்தைப் பார்த்தார். "நான் தள்ளிப் போகல அக்கா. அண்ணனையே பாத்தேன். ஊமை பேசுது! அப்படியே நின்னுட்டேன். அண்ணன் ஓடி வந்து என்னைத் தள்ளிட்டாரு. பலகை அண்ணன் மேல."

ஊழியர் துணியை மறுபடி மூடினார்.

சூப்பர்வைசர் வராந்தாவுக்குப் போய், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஏஜெண்ட் முதலில் தெரியாது என்றான். பிறகு போலீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கடகடவென்று ஒப்பித்தான். வெளிநாட்டில் இவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தச் சமயம் இந்த நகரத்துக் கட்டட வேலைக்கு வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிவந்தார்கள், இவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். உள்ளூர் ஆளை இங்கே எடுக்க மாட்டார்கள். வராமல் போன வெளிநாட்டான் ஒருத்தனின் அடையாள அட்டை இருந்தது, அதில் இவர் பதுங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் ஊமையாகிவிட்டார்.

"வீட்டுக்குப் போங்கண்ணேன்னு எவ்வளவோ சொன்னேன் சார்" என்றான் ஏஜெண்ட். "எங்க ஊர்ல இருந்தா எனக்குக் கட்டுப்படியாகாதுன்னுட்டாரு."

சூப்பர்வைசர் போனை அணைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "உள்ளூர் ஆளுன்னா பொழுது சாஞ்சதும் வீட்டுக்குப் போகணும்பான், அதான் எடுக்கறதில்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு, "அவர் முன்னாடி என்னெல்லாம் பேசியிருக்கேன். திட்டியிருக்கேன், கேவலமா. சிரிச்சுக்கிட்டே நிப்பாரு" என்றார்.

அவள் காதில் அது விழவில்லை. கட்டுப்படியாகாது என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

காலையில் டைல்ஸ்காரர் சொன்ன கூலி நினைவுக்கு வந்தது. "என்னம்மா, வெளிநாட்டு வீட்டுக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்று சிரித்தார். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பிளம்பர், மீன்காரர், ஆட்டோக்காரர், எல்லாருக்கும் அவள் தெருவுக்கென்று ஒரு விலை உண்டு. தெருவில் பாதி வீட்டுக்கு வெளியிலிருந்து பணம் வருகிறது. வாடகை எகிறி, நிலம் எகிறி, மாதச் சம்பளத்தில் இருந்த ரெண்டு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போயே போய்விட்டன. அவளும் பேருக்கு ஒரு பேரம் பேசிவிட்டுக் கேட்டதைக் கொடுத்துவிடுவாள். பேரத்தில் ஜெயித்தால் மரியாதை குறைந்துவிடும். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். அவர் அனுப்பிய பணம் ஏற்றிவிட்ட விலையில், உள்ளூர்க் கூலியோடு வந்து குடியிருக்க அவருக்கே முடியாமல் போயிருக்கிறது.

அவர் சாமான்களை எடுத்துக்கொள்ள சைட்டுக்குப் போனார்கள். தகரம் வேய்ந்த நீள அறை, வரிசையாகப் பாய்கள். அவருடைய பாயின் தலைமாட்டில் போன வருஷம் வீட்டுக்கு வந்த அதே பெட்டி. விமான நிலையத்து ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது, மேலே பசை டேப் வேறு ஒட்டிப் பாதுகாத்திருந்தார். சைட் வாசலிலேயே ஒரு கடை. இந்தத் தொழிலாளர்களுக்காக அவர்கள் தேசத்துச் சோப்பும் பிஸ்கட்டும் சாக்லேட்டும் விற்கிற கடை. கண்ணாடி அலமாரியில் அதே தங்கநிறத் தாள் சுற்றிய சாக்லேட். தெரு முழுக்க அவள் பெருமையாகப் பங்கு வைத்தது.

"சாயங்காலம் ஆனா அண்ணன் அங்க போவாரு" என்று கம்பி கட்டுபவர் மேலே காட்டினார். கட்டி முடியாத மாடியில் தண்ணீர்த் தொட்டி. "போன் காதுல வெச்சு உக்காருவாரு. நாங்க நினைச்சோம், பாட்டு கேக்குது. ஊமைக்குக் காது நல்லா இருக்கேன்னு சிரிப்போம்."

அவள் தொட்டியையே பார்த்தாள். சாயங்காலம் அவர் கூப்பிடுவார். பத்து நிமிஷம். எதையாவது சொல்லி முடித்தால் "அப்புறம்?" என்பார். மோட்டார் ரிப்பேர் என்றால் "அப்புறம்?" பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னால் "அப்புறம்?" ஊர்க்கதை கேட்க இப்படி ஒரு ஆளா என்று அலுத்துக்கொண்டு, "அப்புறம் என்ன, அடுப்புல வெச்சிருக்கேன், வெச்சுடறேன்" என்று வைத்துவிடுவாள். நாள் பூராவும் வாய் மூடிக் கிடந்த மனிதர் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஒரு நாள் மழை. போனில் அந்தப் பக்கமும் சடசடவென்று சத்தம். "அங்கயும் மழையா?" என்று கேட்டாள். "ஆமா, இங்கயும் கொட்டுது" என்றார். பாலைவனத்தில் மழை பெய்கிறதாம் என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லி, ரெண்டு பேரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அதே மேகம்தான் இவர் தலையிலும் கொட்டியிருக்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பாள்.

தம்பி அவளைத் தனியே கூப்பிட்டான். இறந்த சேதியை மட்டும் அவன் வீட்டுக்குச் சொல்லியிருந்தான்; மகள் போன் செய்திருந்தாளாம். "அப்பா எந்த பிளைட்ல வர்றாருன்னு கேக்கறா. தெருவே வாசல்ல நிக்குதாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் சொல்றதைக் கேளுக்கா. சூப்பர்வைசரும் அதைத்தான் சொல்றாரு. பேப்பர்ல இது வேற ஆளு. நாம ஒண்ணும் உரிமை கொண்டாடாம இருந்தா, பெட்டியில வெச்சு சீல் போட்டு, ஏர்போர்ட்லேருந்து வர்ற மாதிரியே வண்டியில அனுப்பிடறாங்க. யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுல பொண்ணோட அப்பா வெளிநாடுன்னுதான் சம்மதிச்சாங்க. இது தெரிஞ்சா அந்தச் சம்பந்தம் நிக்குமா, சொல்லு?"

"பெட்டியில யாரு பேரு போடுவாங்க?"

தம்பி தொட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் பேரைத்தானே? வராமப் போனவன் பேரை."

"ஒரு நாள் கூத்துக்கா. அப்புறம் அவளோட வாழ்க்கையைப் பாரு."

அவள் கணவரின் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் ரெண்டு காகிதங்களோடு காத்திருந்தார். எதில் கையெழுத்துப் போட்டால் இவர் என் புருஷன் என்று ஆகும் என்று கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் காட்டினார். போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆம்புலன்ஸ் தெருவில் நுழைந்தது. கம்பி கட்டுபவரும் கூடவே வந்திருந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சவப்பெட்டி இல்லாமல், வெறும் ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணியோடு இறக்கியதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கூடத்தில் கிடத்தினார்கள். எதிர்வீட்டு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்த பிளைட்டும்மா? காலையில சேதி, அதுக்குள்ள எப்படிக் கொண்டாந்தீங்க?"

தம்பி முந்திக்கொள்ள வாயைத் திறந்தான்.

"பிளைட் இல்லக்கா" என்றாள் அவள். "இங்கதான் இருந்தாரு. நாலு மணி நேரப் பஸ்ஸு. கட்டட வேலை பாத்தாரு, ரெண்டு வருஷமா."

அழுகைச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. எதிர்வீட்டு அம்மாவின் கை பிடித்த பிடியிலேயே இருந்தது, முகம் மட்டும் மாறிவிட்டது. வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து வேலையை விட்டுப் போகாமல் நின்ற டைல்ஸ்காரர் சமையலறைக் கதவருகே இருந்தார். அவர் கண் துணிக்கு வெளியே தெரிந்த கால்களில் போய் நின்றது. வெடித்து, சிமெண்ட் அரித்த பாதங்கள். கையிலிருந்த பூச்சுக் கரண்டியை அவர் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்றே?" என்றாள் மகள். "இங்கயா? அப்பாவா?" அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் மறுத்துச் சொல்லாததால் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தானாகப் போய் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டது.

கம்பி கட்டுபவர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து அவள் கணவரின் போனை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவர் கூப்பிடுகிற நேரமாகியிருந்தது. அவள் போனைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டைல்ஸ் பாதி ஒட்டியாச்சு" என்றாள். "நீங்க சொன்ன வெள்ளைதான். மோட்டாரும் சரியாயிடுச்சு, ஒயர்தான் போயிருந்துச்சாம்."

நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்தாள்.

"அப்புறம்..." என்று அவளே ஆரம்பித்தாள்.