அட்டை கடித்த இடம்

“அடியே பேச்சாயி, காலெல்லாம் ரத்தம்டி!”

அடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சிவனம்மா போட்ட கூச்சலில் மலையே திரும்பிப் பார்த்தது. பேச்சாயிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மலையேறும்போதெல்லாம் உரசிப் புண்ணாகிக்கொண்டிருந்த பெண்ணுறுப்பின் இதழைப் பதுளை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. தையல் பிரிந்துவிட்டதோ? கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்து மருத்துவச்சி ஞானேஸ்வரியிடம் ஓடினாள்.

ஞானேஸ்வரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். “தையலுக்கு ஒண்டுமில்லை. தழும்புக்குப் பக்கத்தில அட்டை கடிச்சிருக்கு.”

“அங்கே கடிச்சும் எனக்குத் தெரியலையேங்கம்மா!” என்று அழுதாள் பேச்சாயி.

“அட்டை கடிச்சா ஆருக்கடி தெரியும்? போன கிழமை எனக்கும் தெரியேல்லை.”

பேச்சாயி குழம்பிப்போய் நின்றாள். மரத்துப்போனது அட்டையாலா, கத்தியாலா?

“வெட்டின இடம் கொஞ்ச மாசம் மரத்திருக்கும்,” என்றாள் ஞானேஸ்வரி. “கனபேருக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பும். சிலருக்குக் குறைஞ்சபடியேதான் இருக்கும். ஒரு அட்டைக்கு ஏன் இப்படி அழுறாய்?”

பேச்சாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அட்டை கெடக்குதுங்கம்மா. எங்க வீட்டுக்காரரு தொட்டதுகூட எனக்குத் தெரியலைங்களே!”