வெள்ளையாகக் கிடந்த பக்கம்

உழவர்கரையில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் ஜோவிதா வலைத்தளங்கள் செய்துகொண்டிருந்தாள். டவுனில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தளம் அவள் கைவேலைதான். நோயாளிகள் தங்கள் முறை என்றைக்கு என்று போனில் அதைத் திறந்துதான் பார்ப்பார்கள்.

அதைக் கட்டியிருந்த ஃபிரேம்வொர்க் என்ற அடிப்படை மென்பொருள் பழசாகிவிட்டது, புது வெர்ஷனுக்கு மாறியே ஆகவேண்டும் என்று இரண்டு மாதம் வாதாடி முதலாளி அருள்முருகனைச் சம்மதிக்க வைத்தாள்.

"பழைய போன்லலாம் போட்டுப் பாத்துட்டியா?" என்று கேட்டார் அவர்.

"பாத்துட்டேன் சார்."

பார்க்கவில்லை. லேப்டாப் திரையைப் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்ததோடு சரி.

திங்கட்கிழமை புதுசை ஏற்றினாள். கோளாறு என்றால் தளமே அவளுக்குத் தகவல் அனுப்பிவிடும். மூன்று நாளாக ஒன்றுகூட வரவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை மையத்து நர்ஸ் ஹேமலதா கூப்பிட்டாள். "பிள்ளைச்சாவடி கோவிந்தராசுவ மூச்சு வாங்குதுன்னு ஆட்டோல தூக்கியாந்திருக்காங்க. இன்னிக்கி இருந்த அவரு முறைய செவ்வாய்க்கெழமைக்கே மாத்தித் தளத்துல போட்டிருந்தோம். அத பாக்கவே இல்லியாம்."

ஜோவிதா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே கோவிந்தராசுவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கன்னியம்மாள் போனை நீட்டினாள்.

"நாலு நாளா இப்பிடித்தாம்மா வெள்ளையா கெடக்குது. எங்க போனுதான் ரிப்பேருன்னு நெனச்சோம்."

ஜோவிதா வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. புது வெர்ஷனை அந்தப் பழைய போனால் படிக்கவே முடியவில்லை. கோளாறைச் சொல்ல வேண்டிய பகுதியும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தது; அதுவும் சேர்ந்து செத்துப்போயிருந்தது. மூன்று நாளும் எந்தத் தகவலும் வராததற்கு இதுதானா காரணம்! 

அங்கிருந்தே அருள்முருகனைக் கூப்பிட்டாள். "சார், பழசையே திருப்பி ஏத்துங்க. நான் பழைய போன்ல பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

"ஏத்துறேன். வேற யாராருக்குத் தெரியலன்னு மொதல்ல விசாரி" என்றார் அவர்.

ஹேமலதாவும் அவளும் நோயாளிகள் எல்லாருக்கும் போன் போட்டார்கள். பதினோரு பேருக்கு வெள்ளைப் பக்கம். நல்லவேளை, மற்ற பத்துப் பேரின் முறை மாறியிருக்கவில்லை.

கன்னியம்மாளிடம் திரும்பி வந்து, "உங்க போன்ல கோளாறு இல்லம்மா. தப்பு என்மேல" என்றாள்.

"அப்ப செவ்வாக்கெழமயே வந்திருந்தா அவருக்கு இப்பிடி ஆயிருக்காதா?"

"ஆயிருக்காதும்மா."

கன்னியம்மாள் திட்டவில்லை. போனை வாங்கிக்கொண்டு புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் கோவிந்தராசு எழுந்து கஞ்சி குடிக்கும்வரை ஜோவிதா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.