கம்பிக்கு இந்தப் பக்கத்துக் காற்று

என் முதுகுக்குப் பின்னால் விசிறி சுற்றுகிறது, என் மகளுக்கென்று பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்த விசிறி, போன ஈஸ்டருக்கு வாங்கியது, அதன் காற்று என் சேலையைத்தான் படபடக்க வைக்கிறது, இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டெல்பினுக்கு அதில் ஒரு துளியும் போகவில்லை, அவள் கழுத்தில் இறங்கும் வேர்வை வெள்ளை அங்கிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நான் காற்று வாங்குகிறேன், நன்றாக இருக்கிறது இந்தக் கன்னியர் மடத்து நியாயம். இத உனக்குல்லாட்டி கொண்டாந்தேன் என்கிறேன், சிரிக்கிறாள், இங்க யாருக்கும் தனியா ஒண்ணும் கெடையாதும்மா, பாக்க வாரவங்களுக்கு வேர்க்கும்னு மதர் இங்க வைக்கச் சொன்னாங்க. அவளுக்குப் பக்கத்தில் சிஸ்டர் பிரசிதா என்ற கிழவி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, பெற்றவள் வந்தாலும் தனியாகப் பேச விடமாட்டார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த மாதம் டெல்பினுக்கு நித்திய வார்த்தைப்பாடு, அதைக் கொடுத்துவிட்டால் பிறகு செத்தாலும் இந்தச் சுவருக்குள்தான், ஊருக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கள் அனுப்பிய அழைப்பிதழ் கட்டைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டு வந்திருக்கிறேன், மகளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று வந்திருக்கிறேன்.

நம் வீட்டு மாடியில் உனக்கு அறை கட்டிப் போட்டிருக்கிறேன், ஏசி மாட்டியிருக்கிறேன், அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை, நீ வந்து உரிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்கிறேன், பத்து வருடம் மஸ்கட்டில் யார் வீட்டுத் தரையையோ துடைத்தேன், வெளியே அனல், உள்ளே அவர்கள் பிள்ளைகள் குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்கும், என் பிள்ளையும் ஒருநாள் இப்படித் தூங்கும் என்று கருவிக்கொண்டே துடைத்தேன், அதற்கு முன்னால் தூத்துக்குடியில் எங்களுக்கு இருந்தது தகரக் கூரை, அவள் அப்பா போய்ச் சேர்ந்த வருடம் கரண்டும் போய்விட்டது, மத்தியானம் தகரம் கொதிக்கிறது, ஆறு வயது டெல்பினுக்கு மூச்சு இழுப்பு வருகிறது, மடியில் போட்டுக்கொண்டு காலண்டர் அட்டையால் வீசுகிறேன், அட்டையில் திரு இருதயப் படம், ஆண்டவரே ஆண்டவரே என்று வீச வீச மூச்சு சீராகிறது, அவள் கண்ணை மூடுகிறாள், அந்த வெயிலில் நான் நம்பினேன், சத்தியமாக நம்பினேன், நம்புவதைத் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை. மறுவருடம் கன்னியர் நடத்தும் போர்டிங்கில் விட்டேன், கேட்டில் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், என்னை மஸ்கட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட்டின் வேன் ஹாரன் அடிக்கிறது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன், அழாதட்டி, அம்மா போனா என்ன, ஆண்டவர் இருக்காருல்லா, அவரை நம்பி இரு, எல்லாம் தருவாரு என்கிறேன், அவள் கையிலிருந்து தப்பிக்கச் சொன்ன வார்த்தை அது, பிள்ளை வாயில் மிட்டாய் போடுவதுபோல் போட்ட வார்த்தை.

வீட்டுக்கு வாட்டி என்கிறேன், இழுப்பு வந்தா இங்க யாரு பாப்பா. வந்துச்சும்மா, போன மழைக்கு, மருந்து தந்தாங்க, இவங்கதான் கூடவே இருந்தாங்க என்று கிழவியைக் காட்டுகிறாள். அப்படி என்னத்தத் தந்துட்டாரு உன் ஆண்டவர், ஒரு பாயும் நாலு சுவரும், என் புருஷனை எடுத்தாரு, உன்னையும் வேணுங்காரு, நான் உனக்காகச் சேர்த்ததையெல்லாம் யாருக்குட்டி குடுப்பேன். நான் கத்துகிறேன், அந்த அறையே அதிர்கிறது, அவள் குரலை உயர்த்தவில்லை, நீங்கதானேம்மா சொன்னிய, கேட்டுல வச்சு, நீங்க வார வரைக்கும் அவரைப் பிடிச்சுக்கிடலாம்னுதான் இருந்தேன், நீங்க வர நாளாச்சு, பெறவு விட முடியலம்மா. குற்றம் சொல்லவில்லை அவள், குற்றம் சொல்லியிருந்தால் பதிலுக்கு இன்னும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், எழுந்து போய் விசிறியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன், என் பிள்ளைக்கு இல்லாத காற்று எனக்கு என்ன மயிருக்கு என்றேன், மடத்துக்குள் நின்றுதான் சொன்னேன், கிழவியின் ஜெபமாலை நின்றது.

இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்கின்றன, உஷ்ணம் வந்து எங்கள் மூவர் மேலும் உட்காருகிறது, என் கழுத்திலும் வேர்வை, அவள் கழுத்திலும் வேர்வை, அவள் மூச்சில் லேசாக ஒரு விசில் கேட்டது, இல்லை, அது அந்தத் தகர வீட்டில் கேட்டதோ, என் கை அதற்குள் கட்டைப் பிரித்து ஓர் அழைப்பிதழை உருவிவிட்டது, கெட்டி அட்டை, மேலே திரு இருதயப் படம், கீழே என் மகளின் பெயர், கம்பிக்கு இடையே கையை நுழைத்து வீசுகிறேன், டெல்பின் முகத்தைக் கம்பியோரம் கொண்டுவந்து கண்ணை மூடுகிறாள், தலைத்துணியின் ஓரம் அசைகிறது. இந்தப் பக்கமும் கொஞ்சம் வருதும்மா என்கிறாள் சிஸ்டர் பிரசிதா, எரிச்சலாக வந்தது, கையை இன்னும் கொஞ்சம் அகலமாக வீசினேன். என் கோபம் எங்கும் போகவில்லை, ஆண்டவரிடம் எனக்கு இன்னும் எவ்வளவோ கேட்க இருக்கிறது, அட்டை வேர்வையில் நனைந்து வளைந்தது, இந்த ஒண்ணு கசங்கிட்டு, மிச்சத்த ஊர்ல குடுத்துருதேன் என்று கோபமாகத்தான் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் விசிறி அசையாமல் நிற்கிறது, என் கை நிற்கவில்லை.