தேவகனி அக்கா தூக்காத கை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான்தான். அதுவும் நல்ல கையெழுத்தில், நீல மையில், பக்க எண் போட்டு. அப்போது நான் எங்கள் ஊர்க் கமிட்டிக்கு செக்ரட்டரி. ஊர்ப் பேரை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். திற்பரப்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். இறங்க வேண்டாம்.

கதைகள் எழுதி நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் கற்பனையில் ஊரே நம்பியது ஒரே ஒரு வார்த்தையைத்தான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“காலை ஆறு மணிக்குத் தேவகனி வால்வைத் திறந்தாள். குழாயில் முதலில் காற்று இருமியது, பிறகு தண்ணீர்...” (நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் சந்தேகம். இப்போது நாகர்கோவில் பிளாட்டில் தண்ணீர் சத்தமில்லாமல் வருகிறது. அந்த இருமலை நினைத்தால் எனக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. நெஞ்சு இளகியவன் உண்மை சொல்ல மாட்டான்.)

“பெரும்பான்மை என்பது ஒரு...” (கட்டுரை. வேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். தேவகனி அக்கா ஊர்த் தண்ணீர் டாங்கின் ஆபரேட்டர். ஆள் உயர இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வு திருகுவாள். அவள் போவதைப் பார்த்து ஊர் கடிகாரம் திருத்தும்.*

* மிகை. எங்கள் அம்மா மட்டும் திருத்துவாள்.

3

குளத்தில் பாதியைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்ட ஊர் முடிவெடுத்தது. ஊரைத் திட்டாதீர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்க மண்டபம் தேடி மார்த்தாண்டம் வரை அலைந்தவர்கள் நாங்கள். அக்காவுக்கும் ஜின்சி என்று கல்யாண வயதில் ஒரு மகள். மண்டபத்துக்கு முதலில் உயர்ந்த கையே அக்காவுடையதுதான்.

குளத்துக்குக் கீழே வயல் வைத்திருந்த ஜெபசீலன் கோர்ட்டில் தடை வாங்கினார். அடுத்த ஞாயிறு கூட்டம். வழக்கை அவர் வாபஸ் வாங்கும்வரை அவர் வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானம். அவர் வீடு பாறை மேல் இருந்தது, கிணறு கிடையாது. எல்லாருக்கும் அது தெரியும்.

கைகள் உயர்ந்தன. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று வளர்ந்தவன் நான். ஒரு கையில் பேனா இருந்தது, மற்றதைத் தூக்கினேன். அக்காவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தீர்மான நோட்டில் எழுதினேன்: “ஒருமனதாக.”

4

மறுநாள் காலை, பஸ் ஸ்டாப்பில் ஆள் கூடும் நேரம் பார்த்து, அக்கா ஜெபசீலன் வீட்டு வால்வைத் திறந்தாள். இருட்டோடு திறந்திருந்தால் ஊர் கண்டும் காணாமல் விட்டிருக்கும். மூன்றாம் நாள் கமிட்டித் தலைவர் கம்பியைக் கேட்டார். உடனே கொடுத்துவிட்டாள். கம்பியோடு வேலையும் போயிற்று. அன்றே தன் கிணற்றில் தண்ணீர் கோரி, குடத்தை இடுப்பில் வைத்து, நடு ரோட்டில் ஜெபசீலன் வீட்டுக்கு நடந்து போனாள்.

தடுக்க என்னை அனுப்பினார்கள். (இந்த இடத்தில் நான் அழகாகப் பேசுகிற ஒரு வடிவம் இருந்தது. கிழித்தாயிற்று.) ஊர் சொன்னால் கேட்க வேண்டாமா என்று முணுமுணுத்தேன்.

“மண்டபத்துக்கு நான் கைய பொக்குனேன், தம்பி. இப்பவும் பொக்குவேன். தண்ணிய நிறுத்துகதுக்கு பொக்க மாட்டேன். எனக்க மவ கல்யாணம் நின்னாலும் செரி.”

குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“நோட்டுல ஒருமனதான்னு எழுதியிருக்கியளாமே. என்ன தண்டனை வேணும்னாலும் எழுதுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிருங்க. அடிச்சிட்டு எனக்கு காட்டணும்.”

அடிக்கிறேன் என்றேன்.

5

முடிவு அ: ஊர் மனம் மாறி, ஜின்சி கல்யாணத்துக்குத் திரண்டு வந்து... (கண்ணீரோடு எழுதினேன். நடக்கவில்லை. யாரும் அந்தக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்று இன்னொரு தீர்மானம் வந்தது. அதையும் ஒருமனதாக என்றே எழுதினேன். பந்தியில் ஜெபசீலன் வீட்டார் விளம்பினார்களாம். நான் மொட்டைமாடியில் நின்று மைக் செட் பாட்டைக் கேட்டேன்.)

முடிவு ஆ: பதினோரு மாதம் குடம் நடந்தது. பிறகு ஊருக்கே அலுத்துப்போய் வால்வு திறந்துகொண்டது. அதற்குத் தீர்மானம் இல்லை. மண்டபம் ரோட்டோரம் வேறு இடத்தில் வந்தது. குளம் முழுசாகக் கிடக்கிறது. (இது நடந்தது. ஆனால் முடிவு இல்லை.)

6

பழைய நோட்டு இப்போது என்னிடம். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டாங்கை இடித்துவிட்டார்கள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கட்டன் சாயா தந்துவிட்டுக் கேட்டாள்.

“அடிச்சியளா?”

அடித்தாயிற்று அக்கா என்றேன். அவள் சிரித்தாள். “அப்பம் அடுத்த தடவ வரும்பம் கொண்டு வாருங்க.”

நோட்டு மேசையில் விரிந்திருக்கிறது. இந்தக் கதையில் எத்தனையோ அடித்துவிட்டேன், அந்த வார்த்தையில் மட்டும் கை ஓடவில்லை. இப்போது அடிப்பதற்கு ஒரு தைரியமும் வேண்டாம். அடித்துவிட்டால் அன்றைக்கு அக்காவும் நானுமாக இரண்டு பேர் எதிர்த்தோம் என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். வரி கீழே இருக்கிறது. எந்த வார்த்தை என்று தெரியும். ஒன்று மட்டும்: அடிப்பதானால் நாலு பேர் பார்க்க அடியுங்கள்.

“திரு. ஜெபசீலன் வீட்டிற்குக் குடிநீர் வழங்குவதில்லை என இக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.”